பசலி நாட்டுச் சிறுத்தைக்கு முதலிடம்

கலைமகளுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள். பேனாவுக்கு மை ஊற்றுவாள். கீழ்வேளூர் தாலுகா ஆபீஸில் அவளோடு வேலை பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். அவள் மைப் புட்டியைத் திறந்த நாளில் ஆபீஸே டீ குடிக்க எழுந்து போய்விடும் என்பார்கள். ஒரு தடவை வாசல் வேப்பமரத்துக் காக்கை பயந்துபோய் நாகூர் வரைக்கும் பறந்துவிட்டு மறுநாள்தான் திரும்பியது என்றும் சொல்வதுண்டு. காக்கை விஷயத்துக்குச் சாட்சி இல்லை. மற்றதுக்கு உண்டு.

இருபத்தாறு வருஷமாக நிலப் பதிவேடுகளோடு குடித்தனம். எந்தப் புலம் யார் பெயரில், எது நஞ்சை, எது புறம்போக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஒரு நற்குணம் அவளுக்கு உண்டு. மனுவோடு வந்த யாரையும் ஒரு நாளும் "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பியதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வேண்டியிருக்கும்.

வீட்டில் அவளுக்கு இன்னொரு பதிவேடு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் டிவி முன்னால் பாய் விரிப்பாள். குடும்பத்தோடு பார்க்கிற அனிமேஷன் படம் ஒன்று ஓடும். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்திருந்தாலும் கணவர் ராஜ்குமார் கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார வேண்டும். பத்தாவது நிமிஷம் குறட்டை விடுவார். இருந்தாலும் ஆஜர் பதிவாகிவிடும். மகள் பூமிகா அம்மா மடியில் தலை வைத்துப் பார்ப்பாள். படம் முடிந்ததும் நாகப்பட்டினத்தில் வாங்கிய நீள ரிஜிஸ்டர் வெளியே வரும். வரிசை எண், உட்பிரிவு, படத்தின் பெயர், யார் பார்த்தது, குறிப்பு என்று ஐந்து கட்டம். எந்தப் படத்துக்கு எத்தனையாவது இடம் என்று அதில் ஏறும். இரண்டு படங்களுக்குள் எது உசத்தி என்று முடிவுக்கு வர முடியாவிட்டால், வயலை உட்பிரிவு செய்கிற மாதிரி, நாலு-ஏ, நாலு-பி என்று போடுவாள்.

தாலுகாவில் வருஷத்துக்கு ஒரு தடவை ஜமாபந்தி நடக்கும். கிராமத்துப் பதிவேடுகளை எல்லாம் மேஜையில் பரப்பிச் சரிபார்த்து, ஜனங்களிடம் மனு வாங்குகிற சடங்கு அது. அது முடிந்த வாரம் கலைமகள் வீட்டில் படங்களுக்கு ஜமாபந்தி. இடம் ஏற, இறங்க அன்றைக்கு மேல்முறையீடு செய்யலாம். ராஜ்குமார் ஒரு வருஷம் துணிந்து, 'நிலாவுக்குத் தபால்' படத்தை ஏழிலிருந்து மூன்றுக்கு ஏற்ற வேண்டும் என்று கேட்டார்.

"பாதிப் படம் தூங்கினீங்க" என்றாள் கலைமகள். "அனுபவத்துல இல்லாதவருக்குப் பாத்தியதை கிடையாது. மனு தள்ளுபடி."

முதல் இடத்துக்கு மட்டும் யாரும் மேல்முறையீடு செய்ததில்லை. பதினான்கு வருஷமாக அது 'குடை பிடித்த ஆமை'க்குத்தான்.

அதற்குக் காரணம் பூமிகா. ஏழு வயதில் அவளுக்குப் பேச்சு திக்கும். பள்ளிக்கூட விழாவில் மேடையேறி "வ... வ... வணக்கம்" என்று அவள் நின்றபோது கீழே இருந்த பிள்ளைகள் கூடச் சேர்ந்து "வ... வ..." என்று பாடின. அன்றைக்கு வாயை மூடியவள் ஆறு மாதம் திறக்கவில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவாள். டாக்டர், கோயில், தர்கா எல்லாம் பார்த்தாகிவிட்டது. அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ஆமை வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் நிற்கிற ஆமை. காட்டில் எல்லா மிருகமும் அதைக் கேலி செய்யும். கடைசியில் அது குடையை ஊன்றிக்கொண்டு நின்று சொல்லும்: "அவசரம் உங்களோடது. வார்த்தை என்னோடது."

மடியில் கிடந்த தலை அசைந்தது. "அவசரம்... உங்களோடது" என்றது. கலைமகள் மூச்சுவிடவில்லை. "வார்த்தை... என்னோடது" என்றது. ராஜ்குமாரின் குறட்டை அந்த நிமிஷம் நின்றுபோனது. அதற்கப்புறம் அந்தப் படத்துக்கு மட்டும் அவர் தூங்கியதில்லை.

அன்றைக்கு ரிஜிஸ்டரில் கலைமகள் எழுதிய குறிப்பு இது: 'ஆறு மாதத்துக்குப் பிறகு என் மகள் முதல் வாக்கியம் பேசினாள். அது ஆமையின் வாக்கியம். இதற்கு மேலே இன்னொரு படத்தை வைக்க என் கை வராது.'

இந்த மூன்று வரியைத்தான் பூர்ணிமா திருடினாள்.

பூர்ணிமா, ராஜ்குமாரின் தம்பி ஜெகனின் மனைவி. கலைமகளுக்கு ஓரகத்தி. சென்னையில் பிறந்து வளர்ந்தவள். மயிலாடுதுறையில் வீடு. பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு வகுப்பு எடுப்பாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் வரப்பில் கால் வைத்தவள் இல்லை. நிலத்து விஷயம் பேச்சில் வந்தால் காதைப் பொத்திக்கொள்வாள். "ஐயோ, அந்த தாலுகா ஆபீஸ் பாஷையெல்லாம் எனக்கு வேணாம். கேட்டாலே தலை வலிக்குது."

திருட்டு நடந்த வருஷம் பொங்கலுக்கு வந்தபோது ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்து, "சூப்பர்க்கா" என்றாள். மே மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கலைமகள் அரைக்கீரை ஆய்ந்துகொண்டே உள்ளூர் கேபிள் சேனலைப் போட்டாள். பூர்ணிமா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். தலைப்பு: 'குடும்பத்தோடு பார்க்க வேண்டிய இருபது அனிமேஷன் படங்கள்.' இருபதாவதில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறினாள். எல்லாம் கலைமகளின் வரிசை. எல்லாம் கலைமகளின் வாக்கியம். நாலு-ஏ, நாலு-பி கூட அப்படியே வந்தது. ஏன் ஏ, ஏன் பி என்று பூர்ணிமாவுக்கே தெரிந்திருக்காது. கலைமகள் சிரித்துக்கூட விட்டாள். சரி, படம் எல்லோருக்கும் பொது, போகட்டும்.

முதல் இடம் வந்தது. பூர்ணிமா கைக்குட்டையை எடுத்தாள்.

"ஆறு மாதத்துக்குப் பிறகு என் மகன் முதல் வாக்கியம் பேசினான்" என்றாள்.

கீரைத் தண்டு கலைமகள் கையில் ஒடிந்தது. பூர்ணிமாவுடைய மகன் பரணிதரன் பிறந்ததிலிருந்து வாயை மூடாதவன். பிரசவ அறையிலேயே நர்ஸிடம் பேர் கேட்டான் என்பார்கள் வீட்டில். அவனுக்காம், ஆறு மாதம் பேச்சில்லையாம்.

உடனே போன் போட்டாள்.

"அக்கா, பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

"கடைசியா சொன்னியே, அது என் பொண்ணு, பூர்ணிமா."

"தெரியும்க்கா. அதனாலதான் பேர மாத்தினேன். நாளைக்கே பூமிகாவுக்கு வரன் பாக்கணும். திக்குவாய்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சா நல்லதா? நான் காப்பாத்தி விட்டிருக்கேன். நியாயமா நீங்க எனக்கு தேங்க்ஸ் சொல்லணும்."

கலைமகள் போனை வைத்தாள். மைப் புட்டியைத் தேடி எடுத்தாள்.

"விட்டுடேன் கலை" என்றார் ராஜ்குமார். "வெளி ஆளா? நம்ம குடும்பம்."

"குடும்பத்து ஆளா இருந்தா ஆக்கிரமிப்பு இல்லைன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? எவளோ என் ரெண்டு படத்தைக் கொண்டுபோனா நான் கேக்க மாட்டேன். அந்தப் புள்ள ஆறு மாசம் வாயைத் தொறக்காம கிடந்தது என் மடியில. அந்த வரி என் வீட்டுப் பட்டா. அதை அவ வாயாலயே, இதே ஊர் முன்னால, திருப்பிச் சொல்ல வெக்கிறேனா இல்லையா பாருங்க."

"எப்போ?"

"பசலி மாறட்டும்."

பசலி என்பது நில வருவாய்க் கணக்கில் ஒரு வருஷம். ஒரு முழு பசலி அவள் காத்திருந்தாள். அதற்குள் பூர்ணிமாவுக்கு 'அனிமேஷன் அம்மா' என்று பட்டம் வந்துவிட்டது. வளைகாப்புக்குப் போனாலும் நாலு பேர் வந்து, "எம் பேரனுக்கு எந்தப் படம் போடலாம்?" என்று கேட்டார்கள். கேபிள் சேனல் நடத்துகிற கலந்தர் பாய், கீழ்வேளூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் கோடைக் குடும்ப விழா ஏற்பாடு செய்தார். இந்த வருஷத்து வரிசையை அனிமேஷன் அம்மா மேடையிலேயே வெளியிடுவார் என்று தட்டி வைத்தார்கள். பூர்ணிமாவிடம் பட்டம் இருந்தது, புடவை இருந்தது. வரிசைதான் இல்லை. அதற்கு அவள் எங்கே வருவாள் என்று கலைமகளுக்குத் தெரியும்.

பூமிகா திருச்சியில் முதுநிலை முதலாண்டு முடித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தாள். அம்மா புது ரிஜிஸ்டர் ஒன்றுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பழசுல இன்னும் பக்கம் இருக்கேம்மா?"

"இது களவு போறதுக்கு."

விஷயம் கேட்டதும் பூமிகாவின் கண் அகலமானது. இல்லாத படம் ஒன்றை முதல் இடத்தில் வைக்கப்போகிறாள் அம்மா. பூர்ணிமா அதைப் பார்த்ததாகவே மேடையில் அளப்பாள். அளந்தால் பிடி.

"ஆமைக்கு மேல இன்னொண்ணா?" என்றாள் பூமிகா. குரல் லேசாக நின்று வந்தது. இப்போதும் மனசு கலங்கினால் அவளுக்கு வார்த்தை நிற்கும்.

"இதுல ஆமையே கிடையாது. திருட்டுக்குப் போற வீட்டுல அதை நான் விட்டுவெப்பேனா?"

எந்த நாட்டுப் படம் என்பது அடுத்த கேள்வி. ஈரான் என்றாள் பூமிகா. தாய் பென்சிலைக் கீழே வைத்தாள். தாலுகா ஆபீஸில் பாதி வார்த்தை நவாபு காலத்துப் பாரசீகம். அவள் இருபத்தாறு வருஷமாக அந்த பாஷையில்தான் பிழைக்கிறாள்.

"டைரக்டர் பேரு பைமாஷ் ஜமாபந்தி" என்றாள். பைமாஷ் என்பது பழைய நில அளவை எண்.

பூமிகா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். "அடுத்தது?"

"கூட ஒரு கழுதை வரும். பேரு தர்காஸ்து." சர்க்கார் நிலத்தைக் கேட்டு எழுதுகிற மனுவுக்குத் தர்காஸ்து என்று பெயர். "முதுகுல ஒரு கடுதாசியோட வாசல் வாசலா நிக்கும். வருஷக்கணக்கா நிக்கும். யாரும் வாங்க மாட்டாங்க."

"வில்லன்?"

"கிஸ்திகான். அறுவடை அன்னிக்குச் சரியா வந்து நிப்பான்." கிஸ்தி என்றால் நிலவரி. "ராஜா பேரு அடங்கல் ஷா. யார் தோட்டத்துல என்ன வெளஞ்சிருக்குன்னு பொழுதுக்கும் எண்ணிக்கிட்டே இருப்பார்." அடங்கல் என்ற பதிவேட்டுக்கும் அதுதான் வேலை.

"ஹீரோ சிறுத்தைக் குட்டிம்மா" என்றாள் பூமிகா. "பேரு..." இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று நினைத்தாள் கலைமகள். அது ரொம்பத் துணிச்சல். நிலம் யார் பெயரில் என்று காட்டுகிற அந்தச் சீட்டின் பேர் டெல்டாவில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். சிட்டாவும் அடங்கலும் இல்லாமல் பயிர்க்கடனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. ஆனால் சிறுத்தைக்கு அதைவிடப் பொருத்தமாக உலகத்தில் ஒரு பேர் உண்டா?

"சிட்டா" என்று எழுதினாள். மை காய்வதற்குள் அவள் வயசில் பத்து குறைந்தது.

படத்தின் பெயர் 'பசலி நாட்டுச் சிறுத்தை.' குறிப்பில், 'இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. பூமிகாவின் கல்லூரித் தோழி ஒருத்தி மூலம் பார்த்தது. அதுதான் இதன் பெருமை' என்று சேர்த்தாள். மீதிப் பத்தொன்பதும் நிஜப் படங்கள்.

விழாவுக்கு ஒன்பது நாள் முன்னால் பூர்ணிமா திருவையாற்று அசோகா அல்வாவோடு வந்து இறங்கினாள். "சும்மாதான்க்கா. உங்களைப் பாத்து நாளாச்சு."

"வா வா. வடைக்கு ஊறப் போட்டிருக்கேன்" என்றாள் கலைமகள். புது ரிஜிஸ்டரை டிவி பக்கத்தில் திறந்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். எண்ணெய் காய்ந்தது. முதல் வடை போட்டாள். கூடத்தில் 'க்ளிக்.' இரண்டாவது வடை, 'க்ளிக்.' நாலு பக்கம், நாலு க்ளிக். ஐந்தாவது வடையை அவள் தட்டவே இல்லை, தோளெல்லாம் குலுங்கியது.

"என்னக்கா சிரிப்பு?"

"எண்ணெய் தெறிச்சுது."

விழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிதான் தாலுகாவில் ஜமாபந்தி முடிந்திருந்தது. வாரம் முழுக்க மனுவும் கையுமாக வரிசையில் நின்ற குடும்பங்களே இங்கே பிள்ளை குட்டிகளோடு வந்து மண்டபத்தை நிறைத்திருந்தன. முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் தியாகராசன். ரிட்டயர்டு தாசில்தார், எழுபத்திரண்டு வயது. காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க வந்தவர். அவரை அழைக்கலாம் என்று கலந்தர் பாயிடம் யோசனை சொன்னது யார் என்று கேட்கவே வேண்டாம். கலைமகள் ஏழாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூமிகா. இந்தப் பக்கம் ராஜ்குமார், என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத நிம்மதியோடு.

பூர்ணிமா மயில்கழுத்துப் பட்டில் மேடையேறினாள். இருபது, பத்தொன்பது என்று நன்றாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். கைதட்டல் வந்தது. 'மழைக் கடைக்காரி'க்கு இரண்டாவது இடம். அப்புறம் ஒரு நிமிஷம் நிறுத்தினாள்.

"முதல் இடம். இது நீங்க யாருமே பாத்திருக்க முடியாத படம். ஈரானியப் படம். 'பசலி நாட்டுச் சிறுத்தை.'"

முன்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. "என்ன நாடு?" என்றார் தியாகராசன்.

"பசலி, சார். பழைய பாரசீகத்துல ஒரு நாடு. டைரக்டர் உலகப் புகழ் பெற்றவர். மிஸ்டர் பைமாஷ் ஜமாபந்தி."

மண்டபத்தில் எங்கோ ஒரு கிழவர் இருமினார். இருமல் சிரிப்பாக மாறியது. அது பக்கத்து நாற்காலிக்குப் போனது. பூர்ணிமாவுக்கு உற்சாகம். ரசிக்கிறார்கள் என்று நினைத்தாள்.

"ஹீரோ ஒரு குட்டிச் சிறுத்தை. பேரு சிட்டா!"

இப்போது மூன்று வரிசை சிரித்தது. பிள்ளைகள் ஏன் என்று தெரியாமலே கூடச் சேர்ந்துகொண்டன.

"சிட்டாவுக்கு ஒரு கழுதை ஃப்ரெண்ட். தர்காஸ்து. பாவம், அது கடுதாசியோட வாசல் வாசலா நிக்கும். யாருமே அதைக் கண்டுக்க மாட்டாங்க."

"எத்தன வருஷம்மா நிக்கும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பதினெட்டு வருஷம்!" என்றாள் பூர்ணிமா. இது ரிஜிஸ்டரில் இல்லை. அவளே போட்டுக்கொண்டது.

"எங்கப்பாவுது இருபத்திமூணும்மா!"

மண்டபம் ஆடியது. சரவிளக்கில் குடியிருந்த குருவி முட்டையை விட்டுவிட்டு ஓடியது என்று பிற்பாடு சொன்னார்கள். பூர்ணிமாவுக்குப் போதை ஏறிவிட்டது. வாழ்க்கையில் இப்படி ஒரு கூட்டம் அவளுக்குச் சிரித்ததில்லை.

"நான் மூணு தடவை பாத்துட்டேன். மூணு தடவையும் அழுதேன். கிளைமாக்ஸ்ல கோட்டைக் கதவு திறக்காது. சிட்டா மட்டும் போனா திறக்காது. அடங்கல் ஷா மட்டும் போனாலும் திறக்காது. சிட்டாவும் அடங்கலும் சேர்ந்து போனாத்தான் திறக்கும்!"

"எந்தக் கோட்டைம்மா அது? கூட்டுறவு சொசைட்டியா?"

"ஜெராக்ஸ் போதுமா, ஒரிஜினல் வேணுமா?"

ராஜ்குமார் துண்டால் வாயை மூடிக்கொண்டார். மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தியாகராசன் எழுந்து மைக்கை வாங்கினார். "அம்மா, நான் முப்பத்தஞ்சு வருஷம் இந்தப் படத்தைத் தினமும் காலைல பத்து மணிலேர்ந்து பாத்திருக்கேன். டைரக்டர் ஜமாபந்தி போன வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கதான் கேம்ப் போட்டிருந்தாரு. வில்லன் பேரு கிஸ்திதானே?"

பூர்ணிமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கிஸ்திகான், சார். நீங்களும் பாத்தீங்களா?"

அதற்கப்புறம் எழுந்த சிரிப்பில் கலந்தர் பாயின் ஒலிபெருக்கி வீல் என்று கத்தி ஓய்ந்தது. அவர் மேடைக்கு ஓடிப்போய் பூர்ணிமாவின் காதில் ஏதோ சொன்னார். சிட்டா என்றால் என்ன, அடங்கல் என்றால் என்ன என்றுதான் சொல்லியிருப்பார். மயில்கழுத்துப் பட்டுக்கு மேலே முகம் வெளுத்தது. கண் கூட்டத்தில் அலைந்து தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கலைமகள் கைப்பையைத் திறந்து ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினாள்.

இவ்வளவுதான் அவள் போட்ட திட்டம். மிச்சம் திட்டத்தில் இல்லை. பூமிகா எழுந்துவிட்டாள். நடுவழியில் நடந்துபோய்த் தாசில்தாரின் கையிலிருந்த மைக்கைக் கேட்டு வாங்கினாள். கலைமகளின் கையில் வெற்றிலை அப்படியே நின்றது. பள்ளிக்கூட மேடைக்கு அப்புறம் அந்தப் பெண் மைக் பிடித்ததே இல்லை.

"சித்தி" என்றாள் பூமிகா. "ஆமை... எங்க?"

கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது.

"எந்த ஆமை?" என்றாள் பூர்ணிமா.

வாயிலிருந்து விழுந்த வார்த்தை விழுந்ததுதான். போன வருஷம் அந்தச் சேனலைப் பார்த்த தாய்மார்கள் அந்த மண்டபத்தில் பாதிப்பேர். கைக்குட்டையை ஒற்றிக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டுக் கூடவே அழுதவர்கள். "அதென்ன, எந்த ஆமைங்குது?" என்று ஒருத்தி உரக்கவே கேட்டாள். "புள்ளைக்கு வாய் குடுத்த ஆமைய எந்த ஆத்தாளாவது மறப்பாளா?"

"இ... இருபதுல எங்கயும் இல்லையே" என்றாள் பூமிகா. வார்த்தை நின்றது. அவள் அவசரப்படவில்லை. ஒரு மூச்சு விட்டாள். "ஏன்னா அது பரணிக்கு நடக்கல. எனக்கு நடந்துச்சு. ஆறு மாசம்... நான்தான் பேசல. அந்தப் படத்தைப் பாத்து நான்தான் பேசினேன்."

மேடையில் பூர்ணிமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவசரம் உங்களோடது" என்றாள் பூமிகா. நின்றாள். இந்த நிறுத்தம் திக்கலா, ஆமையா என்று யாராலும் சொல்ல முடியாது. "வார்த்தை என்னோடது."

ஏழாவது வரிசையில் ராஜ்குமார் துண்டைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். கலைமகள் அழவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டு ஒரு கடி கடித்தாள். அவ்வளவு ருசியான வெற்றிலையை அவள் அதுவரைக்கும் போட்டதில்லை.

கலந்தர் பாயின் சேனல் விழாவைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ திருவாரூரைத் தாண்டி மன்னார்குடி போய், அங்கிருந்து சிங்கப்பூர் போய், இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. மறுநாள் ஜெகன் அண்ணனுக்குப் போன் போட்டான். பூர்ணிமா சாப்பிடவில்லை, வகுப்புக்குப் பிள்ளைகளை இனி அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் கலந்தர் பாய் வீடியோவை எடுத்துவிடுவார்.

"மனு எழுதிக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாள் கலைமகள். "கைப்பட."

செவ்வாய்க்கிழமை பூர்ணிமா வந்தாள். அல்வா இல்லை. கலைமகள் சாப்பாட்டு மேஜையில் பழைய ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தாள். மனுவை வாங்கி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து படித்தாள். "'தவறுதலாக எடுத்துவிட்டேன்'னு எழுதியிருக்கு. தவறுதலாவா? நாலு பக்கம், நாலு க்ளிக். அடுக்களையிலேர்ந்து எண்ணினேன்." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்கு வாங்க."

பூர்ணிமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அக்கா அவளை வா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். இந்த 'ங்க' கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

புதன்கிழமை மறுபடி வந்தாள். "'அக்கா மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்.' புண்பட்டிருந்தால்? சந்தேகமா இருக்கா? இங்க அக்கா யாரும் இல்லை. நாளைக்கு வாங்க."

"கலை, பாவம்டி" என்றார் ராஜ்குமார், அவள் போன பிறகு. "ரெண்டு தடவை மயிலாடுதுறையிலேர்ந்து பஸ் ஏறி வந்துட்டா."

"தர்காஸ்து பதினெட்டு வருஷம் நின்னுச்சு. மேடையில அவதானே சொன்னா?"

வியாழக்கிழமை மூன்றாவது மனு. அதில் இப்படி இருந்தது: 'மேற்படி வரி என் அனுபவத்திலோ என் மகன் பரணிதரன் அனுபவத்திலோ எந்நாளும் இருந்ததில்லை. அது பூமிகாவுடையது. எழுதியவர் கலைமகள். நான் தெரிந்தே எடுத்தேன். வரும் சனிக்கிழமை அதே சேனலில், அதே நேரத்தில், இதை என் வாயால் படிப்பேன்.' தாலுகா ஆபீஸ் பாஷையை எங்கேயோ கேட்டு எழுதியிருந்தாள். கையெழுத்தில் நீர்த்துளி பட்டு ஒரு எழுத்து கரைந்திருந்தது.

கலைமகள் அந்தக் கரைந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தனக்கு இரக்கம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. "பூமிகா" என்று கூப்பிட்டாள். "மனுதாரர் கேட்டது சரியா இருக்கா, பாரு. உனக்குச் சம்மதம்னா கையெழுத்துப் போடு."

பூமிகா இரண்டு தடவை படித்தாள். போட்டாள்.

"படிச்சு முடிச்ச நிமிஷம் அந்த வீடியோவை எடுக்கச் சொல்றேன்" என்றாள் கலைமகள், பூர்ணிமாவிடம். "காபி குடிக்கிறியா?"

சனிக்கிழமை அந்த வரி திரும்பி வந்தது. பூர்ணிமா பட்டு கட்டவில்லை, கைக்குட்டையும் எடுக்கவில்லை. "என் மகன்" என்று சொன்ன வாய் "பூமிகா" என்று சொன்னது. கலைமகள் அரைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஒரு தண்டும் ஒடியவில்லை. கலந்தர் பாய்க்குப் போன் போட்டு, சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வீட்டு ஜமாபந்தி. பாய் விரித்தாகிவிட்டது. 'குடை பிடித்த ஆமை' வழக்கம்போல முதல் இடம், மேல்முறையீடு இல்லை. 'நிலாவுக்குத் தபால்' படத்துக்காக ராஜ்குமார் மறுபடி மனுப் போட்டார், மறுபடி தள்ளுபடி ஆனது. மூடப்போகிற நேரத்தில் பூமிகா கேட்டாள்.

"அம்மா, நம்ம சிறுத்தை? அதை எத்தனையாவதுல போடுறது?"

நிலப் பதிவேட்டில் எந்த வகையிலும் சேராத பூமிக்கு ஒரு பேர் உண்டு. தீர்வை ஏற்படாத தரிசு. கலைமகள் பேனாவுக்கு மை ஊற்றினாள். ராஜ்குமார் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வரிசை எண் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். படத்தின் பெயர்: பசலி நாட்டுச் சிறுத்தை. குறிப்பு: தீர்வை ஏற்படாத தரிசு, இப்படி ஒரு படம் கிடையாது. அப்புறம், யார் பார்த்தது என்ற கட்டத்துக்கு வந்தாள். அழகாக, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்:

பூர்ணிமா. மூன்று தடவை.